நடுத்தெருவில் ஒரு மாநில எல்லை

“கடிகாரத்தத் திருப்பி வைக்கக்கூடத் துப்பில்ல, அதெல்லாம் ஒரு அரசாங்கமா?” என்று நடுத்தெருவில் நின்று கத்துகிறாள் பக்கத்து வீட்டுக் கிளெனிஸ். ஆஸ்திரேலியாவின் இரண்டு மாநிலங்களுக்கு எங்கள் தெருதான் எல்லை; எங்கள் பக்கம் நியூ சவுத் வேல்ஸ், எதிர்ப்பக்கம் குவீன்ஸ்லாந்து. கோடையில் எங்கள் மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும், அவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள்; எங்களுக்கு ஆறு மணியென்றால் அங்கே ஐந்துதான். “நல்ல அரசாங்கம்னா சூரியன அது பாட்டுக்கு விடணும். உங்காளுங்க அதுக்கும் உத்தரவு போடுறாங்க,” என்கிறார் எதிர்வீட்டு நெவில். கையில் மோதிரப் பெட்டி. தன்னைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வரச்சொல்லி அவளைக் கேட்கத்தான் வந்தார், பாவம். சாய்ந்த வெயில் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுபோலவே விழுகிறது. செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் நிற்கிறேன். குழாய் என் செருப்பைத்தான் நனைக்கிறது. கிளெனிஸ் பெட்டியை வாங்கி, மோதிரத்தைத் தானே மாட்டிக்கொள்கிறாள். “உன்ன வேணா கட்டிக்கிறேன் நெவில். உன் அரசாங்கத்துக்கு வாழ்க்கைப்பட மாட்டேன்.”

கோடை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடந்து எங்கள் பக்கம் குடிவந்தவர் நெவில்தான்.