காருக்குக் காவல்

"பெத்த பிள்ளையின்ர கச்சேரிக்கு வராத மனுசன் உலகத்தில இவர் ஒராள்தான் அக்கா" என்று பத்மா பின் சீட்டில் இருந்தபடி, முன்னால் இருந்த தவநாயகியிடம் முணுமுணுத்தாள்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த விக்னராஜாவுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவளும் சொன்னாள். மெல்பேர்னின் நோபல் பார்க்கில் அவர்களுக்குப் பக்கத்து வீடு. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

விக்னராஜாவின் மகள் மேனுகா, 'கிராவல் பாஸ்கெட்' என்ற அமெரிக்க ஃபோக் ராக் குழுவில் வயலின் வாசிக்கிறாள். சந்தை மூலையில் நின்று வாசிக்கத் தொடங்கிய ஐந்து பேர். இன்று மெல்பேர்னில் அத்தனை பெரிய அரங்கத்துக்கும் ரிக்கெட் விற்று முடிந்துவிட்டது. மகள் அனுப்பியது இரண்டு. அப்பாவின் ரிக்கெட்டில்தான் பத்மா போகிறாள்.

"கிரவல் கடகம்! கல்லு அள்ளுற கூடை! இதுவும் ஒரு பேரே?" என்பார் விக்னராஜா.

அவளுடைய வயலின் அரங்கேற்றத்துக்கு ஊரையே கூட்டிச் சாப்பாடு போட்டவர். பார்மசிப் படிப்பைப் பாதியில் விட்டு அவள் அமெரிக்காவுக்குக் கிளம்பி விடைபெற வந்தபோது, "எனக்குப் போட்டு வாறன் எண்டு சொல்லாதை. போ!" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. விடிந்தால் அவர் காரைத் துடைக்கப் போய்விடுவார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரேடியோவைப் போட்டுக்கொண்டு உள்ளேயே துடைத்துக்கொண்டிருப்பார்.

அரங்க வாசலில் மனைவி தவநாயகி கடைசியாக ஒருமுறை கேட்டாள். "நீங்களே வாங்கோவன். பத்மா ஒண்டும் நினைக்கமாட்டாள்."

"காரை ஆர் பாக்கிறது? களவு போயிடும்."

"உந்தப் பழைய காரையோ?" என்றாள் பத்மா.

இங்கே நிறுத்தக்கூடாது என்று காவலாளி கை காட்டினான்.

"ஓகே, ஓகே. ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார் விக்னராஜா.

பத்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போட்டு வாறனை இங்கிலீசில சொல்லுறார்! மகளுக்குச் சொல்ல விடேல்லை. கல் மனசு அக்கா."

தவநாயகி ரிக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அழாமல் இருப்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கச்சேரி முடியும் நேரம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மேனுகா மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் பேசினாள்.

"எங்களை ஒருவருக்கும் தெரியாத காலத்தில், இந்த ஊர் ரேடியோவுக்கு ஒருவர் தினமும் காலையில் போன் பண்ணி எங்கள் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பாராம். பெயர் சொல்லமாட்டாராம். அவருக்காகப் போடத் தொடங்கிய பாட்டுத்தான் இந்த நாடு முழுக்கப் பரவியது. போனை வைக்கும்போது ரேடியோவிலேயே அவர் ஒன்று சொல்வாராம். உங்களுக்குத் தெரியும்தானே?"

அரங்கமே எழுந்து நின்று கத்தியது. "ஐ வில் கோ அண்ட் கம்!"

மேனுகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தவநாயகி போனை எடுத்து விக்னராஜாவை அழைத்தாள்.

"இஞ்சருங்கோ... கார் துடைச்சது காணும், விடுங்கோ. உள்ள வாங்கோ. இன்னும் ஒரு பாட்டு இருக்கு."



பத்மா அதற்குள் எழுந்துவிட்டாள். "அவரை வாசலுக்கு வரச் சொல்லுங்கோ அக்கா. ரிக்கெட்டைக் குடுத்திட்டு, காரை நான் பாத்துக்கொள்ளுறன்."