சொந்தக் கூடை

"நீ வேணும்னே போட்டதா உன்மேல எழுதினது என் தப்பும்மா. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

கண்ணாடிக் கடைக்காரி கையிலிருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். பெரியவரை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கூடைப்பந்து ஆடுகிறவர்கள் 'ரூல் புக்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த ரெஃப்ரீ. 'இந்த ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா' என்ற கத்தலை முப்பது வருடம் கேட்டவர், கடைசியில் தானாகவே கண்ணாடிக் கடை தேடி வந்திருந்தார்.

"உக்காருங்க சார். அது ஆறு வருஷத்துக்கு முந்தின கதை."

"உனக்குக் கதை. எனக்கு நெஞ்சுல முள்ளு."

அது இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமம், நான்கு வினாடி பாக்கி. முதல் பாதியில் முட்டியில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தவள், அப்போதுதான் மறுபடி உள்ளே வந்திருந்தாள். பந்து கைக்கு வந்ததும் எம்பி, தன் அணியின் கூடையிலேயே போட்டுவிட்டாள்.

விதி கொஞ்சம் வில்லங்கமானது. சொந்தக் கூடையில் தவறிப் போட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. வேண்டுமென்றே போட்டால் அது செல்லாது. அதனால் அன்றைக்கு மைதானத்தில் ஒரே கூத்து. "வேணும்னே போட்டா சார், துரோகி!" என்று அவளுடைய கோச்சே குதித்தார். "தெரியாம போட்டுடுச்சு சார், பாவம், பச்சைப் புள்ள" என்று எதிரணி கோச் உருகினார்.

"உன்னைக் கேட்டேன். தெரியாமதான் போட்டேன்னு தேம்பித் தேம்பி அழுத. நான் நம்பல. நிமிர்ந்து பார்த்து, நிதானமா குறி வெச்சுப் போட்டியேன்னு மட்டும்தான் நெனச்சேன்."

செல்லாது என்று கையசைத்தார். கூடுதல் நேரத்தில் அவள் அணிதான் ஜெயித்தது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் அவளுக்கு இரண்டு வருடத் தடை வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தார்.

"போன மாசம் ஒரு மேட்ச். பெஞ்சுல இருந்து வந்த ஒரு பொண்ணு, பாதி ஆட்டத்துக்கு அப்புறம் பக்கம் மாறினதை மறந்துட்டு, தன்னோட கூடையிலயே போட்டுட்டா. எனக்குப் பொட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நீயும் அப்படித்தானே வந்த? அது எனக்கு அன்னிக்குத் தோணவே இல்லையேம்மா!"

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"சங்கத்துக்கு எழுதியிருக்கேன். என் முடிவு தப்பு, உன்மேல குத்தமே இல்லைன்னு. வீணாப் போன வருஷமெல்லாம் திரும்பி வராது. உன் பேராவது சுத்தமாகட்டும்."

அவள் நின்றபடியே படித்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, கடிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இதை அனுப்பாதீங்க சார்."

"ஏம்மா? என்மேல அவ்வளவு கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. நீங்க அன்னிக்குச் சரியாத்தான் பார்த்தீங்க. நான் வேணும்னேதான் போட்டேன்."

பெரியவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எதிர் டீம் கேப்டன் எங்க அக்கா சார். அது கம்பெனி டீம். தோத்தா டீமைக் கலைச்சு, எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிடுவோம்னு அவங்க கம்பெனியில சொல்லியிருந்தாங்க. சொன்னபடியே அனுப்பிட்டாங்க. இப்படி ஒரு ரூல் இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தா, வேற மாதிரி தோத்திருப்பேன்."