எட்டுச் சக்கரவர்த்திகள்

வளைகுடா நாட்டுக் குதைபியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செய்கு அலாவுதீனுக்கு மூன்று வேலையாட்கள், ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் எட்டு ரோமாபுரி வெள்ளிக் காசுகள். எட்டிலும் டைபீரியஸ் சக்கரவர்த்தியின் தலை.

"நம்ம காயல்பட்டணத்துப் பக்கம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி முத்து வாங்க வந்தவன் குடுத்துட்டுப் போன காசு. இந்தத் தலையைக் கண்டா ஊரே எழுந்து நிக்குமாம்!" என்பார். சொல்லும்போதே நிமிர்ந்து, தம் முகத்தையும் பக்கவாட்டில் காட்டுவார்.

விற்பனையாள் லுக்மான் அன்று மூன்றாவது தடவையாக லீவு கடிதத்தை நீட்டினான். மகள் பிறந்து பதினான்கு மாதம் ஆகிறது. போனில் பார்த்ததோடு சரி.

"பெருநாள் சீசன் முடியட்டும். இப்ப லீவு மாஃபி, கிடையவே கிடையாது" என்று அலாவுதீன் டைபீரியஸ் மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்த லுக்மான், இரும்புப் பெட்டியைப் பார்த்தான்.

"காக்கா, இந்த ஈரக் காத்துக்கு வெள்ளி கறுத்துடும். பெட்டிக்குள்ளே துடைச்சு வைக்கட்டுமா? ஆமா, ஒரு காசு என்ன விலை போகும்?"

அலாவுதீனுக்குச் சுருக்கென்றது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக அல்லவா இருக்கிறது! ஆனாலும் காசு கறுத்துவிட்டால்?

பெட்டியைத் திறந்து, காசுத் தட்டைத் தாமே எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். லுக்மான் மற்றதையெல்லாம் வெளியே எடுத்து, உள்ளே துடைத்து, திரும்ப அடுக்கினான். அலாவுதீன் மடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எட்டும் பத்திரம். வைத்துப் பூட்டினார்.

மறுநாள் லுக்மான் டியூட்டிக்கு வரவில்லை. போனும் அணைந்திருந்தது.

"கலாஸ்! போச்சு!"

பதறியடித்துப் பெட்டியைத் திறந்தார். எட்டும் இருந்தன. கள்ளச் சாவி போட்டுப் போலியை வைத்துவிட்டானோ? தட்டோடு நகைக்கடை சாகிரிடம் ஓடினார்.

சாகிர் நிறுத்துப் பார்த்தார், உரசிப் பார்த்தார். "அதே காசுதான் காக்கா. அந்தப் பையனை வீணா சந்தேகப்பட்டுட்டீங்களே!"

அலாவுதீனுக்கு வெட்கமாகிவிட்டது. பாவம், உடம்புக்கு முடியாமல் ரூமில் படுத்திருப்பான். பெருநாள் முடிந்ததும் முதல் லீவு அவனுக்குத்தான் என்று மனம் இளகி, காசுகளைத் திரும்ப வைக்கப் பெட்டியைத் திறந்தார்.

வேலையாட்களிடம் வாங்கிப் பூட்டி வைத்திருந்த மூன்று பாஸ்போர்ட்டுகளில் ஒன்றைக் காணோம். அது இருந்த இடத்தில், நான்காக மடித்த லீவு கடிதம் இருந்தது.