இரண்டு கீச்

படகு பாதிக் கடலைத் தாண்டியபோதுதான், புறப்பட்ட கரையில் வேப்பமரத்தடியில் விட்ட காரைப் பூட்டினோமா என்ற சந்தேகம் அருமைநாயகத்துக்கு வந்தது. அவர்கள் போய்க்கொண்டிருந்தது வண்டி என்று எதுவுமே இல்லாத ஒரு தீவுக்கு. ஒருநாளாவது இந்த மனுஷன் காரை மறந்து தன்னோடு நடக்கட்டும் என்றுதான் ரோஸ்லின் அவரைக் கூட்டிவந்திருந்தாள். அவரோ மணலில் உட்கார்ந்தாலும், மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாலும், சட்டைப்பைக்குள் கைவிட்டு ரிமோட் சாவியை அமுக்கிக்கொண்டே இருந்தார். பூட்டினால் ஒரு கீச், திறந்தால் இரண்டு கீச். கடலைத் தாண்டி எந்தக் கீச் கேட்கும்?

"பூட்டிட்டுத்தான வந்தீய, நான் பாத்தேன். அந்தச் சாவிய எங்கிட்டக் குடுங்க," என்றாள் மூன்றாவது முறையாக. அவர் கொடுக்கவில்லை.

சாயங்காலம் கடைசிப் படகில் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒரு காலைப் படகில் வைத்தார். மறுகால் மணலில் இருக்க, இன்னொரு தடவை அமுக்கினார். பூட்டும் பொத்தானைத்தான் அமுக்கினார். முதுகுக்குப் பின்னால், தீவின் தாழம்புதருக்குள்ளிருந்து கீச் கீச் என்றது.

"திரும்பாதீய, ஏறுங்க," என்றாள் ரோஸ்லின், மெதுவாக.

புதருக்குள் கார்க் கதவு ஒன்று திறந்தது. அதைச் சாத்தும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள்.