எட்டாவது பெயர்

"அழிச்சா சுத்தமா அழியணும். பெறகு எவனும் தோண்டி எடுக்கக் கூடாது" என்றார் மேனேஜர் கன்னையன்.

சுருளிவேல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தான். விடிந்ததிலிருந்து போடியில் மழை விடவில்லை. மதுரையிலிருந்து வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னவனுக்குக் கன்னையன் துண்டை நீட்டினார். காய்ந்த தலையைத் தடவிக்கொண்டு துண்டை நாற்காலி மேல் போட்டான்.

எண்பத்தெட்டில் அந்த ஏலக்காய் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் புதுசு. கன்னையன் இப்போது அழிக்கச் சொல்லும் புரோகிராமை இரண்டு மாதத்துக்கு முன் அதில் போட்டதும் சுருளிவேல்தான். யார் உட்கார்ந்தார்கள், எத்தனை மணிக்கு எதை அடித்தார்கள், எதை அழித்தார்கள் என்று அது சத்தமில்லாமல் எழுதிவைக்கும். அப்படி ஒன்று இருப்பதே கன்னையனுக்கு நேற்றுத்தான் தெரியும். முதலாளி பெரியகருப்பன் பேச்சுவாக்கில் சொன்னார்.

"முதலாளிக்குத் தெரியாம எடுக்கச் சொல்றீகளேண்ணே?"

"மிஷினு நொண்டியடிக்குது தம்பி. வெரசா முடி. நாலு மணிக்கு அவரு வந்துருவாரு."

சுருளிவேல் பிளாப்பியைச் செருகினான். திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடின. சட்டென்று அவன் விரல் நின்றது.

"செவ்வாக்கெழம ஜீப்பு எத்தன மணிக்கு உருண்டுச்சு?"

"ஏழே கால். எதுக்கு?"

மலைக்குப் போகும் டிரைவர், கூலியாட்கள் எல்லார் பெயரையும், ஜீப்பு கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் அடித்துவிடுவது அங்கே வழக்கம். செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் எட்டுப் பெயர். போடிமெட்டு வளைவில் உருண்ட ஜீப்பில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஏழு உடல் கிடைத்தது. எட்டாவது ஆளான தவசியை இன்னும் பள்ளத்தில் கயிறு கட்டித் தேடுகிறார்கள்.

"தவசி பேரை மட்டும் ஒம்பதரைக்கு அடிச்சிருக்கு. அடிச்சது நீங்க."

கன்னையன் எட்டிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அவனை எங்கயோ கொன்னுட்டு, பழியைத் தூக்கிப் பள்ளத்துல போட்டீகளோ?"

"டேய், வாயக் கழுவு!"

"கழுவுறேன். போலீசு ஸ்டேஷன்ல போயி." சுருளிவேல் பிளாப்பியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

கன்னையன் கதவை மறித்து நின்றார். குரல் இறங்கிவிட்டது. "தம்பி, நில்லு. மொதலாளி மகன் வனக் காவலாளியச் சுட்டதைப் பாத்தவன் தவசி ஒருத்தந்தான். அடுத்த வாரம் கோர்ட்டுல சாட்சி. பத்து நாளா மொதலாளி ஆளுக அவன வெட்டத் தேடுறாங்க. ஜீப்பு உருண்ட சேதி வரவும் பேரச் சேத்துட்டேன். செத்தவனக் கொல்ல எவன் வருவான்?"

"கதை நல்லாருக்குண்ணே. அவன் உசுரோட இருக்கான்னு நான் எப்புடி நம்புறது?"

"அவன் பொண்டாட்டி வீரலட்சுமி இன்னும் தாலியக் கழட்டலயே. அவளுக்குத் தெரியும்."

"ஒடம்பே கெடைக்கல. எவ கழட்டுவா? ஆளு எங்கன்னு சொல்லுங்க. இல்லாட்டி வழிய விடுங்க."

கன்னையன் அவன் பையைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால்.

"தேவாரம் ஊருப் பக்கம் என் தங்கச்சி தோட்டம். யானைக் காவலுக்குப் போட்ட பரண்ல இருக்கான். ஒரு சாட்சிப்பய உசுரு, தம்பி. ஒன் கையில குடுத்துட்டேன்."

சுருளிவேல் தலையாட்டினான். மறுபடி உட்கார்ந்து நாலைந்து வரி அடித்தான். பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் திரையில் ஒன்றுமில்லை.

"போயிருச்சாப்பா?"

"வேரோட போயிருச்சு."

கன்னையன் நெஞ்சு லேசாகி, சுவரில் சாய்ந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். சுருளிவேல் அதைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த போனை இழுத்து, நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தான்.

"யாருக்குப்பா?"

"மொதலாளிக்கு. எடம் மட்டுந்தாண்ணே அவருக்குத் தெரியாம இருந்துச்சு."