ஊதாப் பூ

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில், மனைவி மயக்கம் தெளிந்ததும் கையில் கொடுக்க இன்னாசி வாழ்த்து அட்டை செய்யச் சொல்லியிருந்தார். கட்டம்போட்ட மஞ்சள் தாளை அட்டையில் ஒட்டிவிட்டு, கடைக்காரி தமயந்தி பூ வடிவ ரப்பர் அச்சை ஊதா மையில் தொட்டு அதன்மேல் அழுத்தினாள். அப்போது மேசையில் கிடந்த அவருடைய போன் அதிர்ந்தது. திரையில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் மைத்துனன் பெயர்.

“எடுங்க சார்.”

“பூவ முடிங்க. அப்புறம் எடுக்கறேன்.”

அச்சை அழுத்தியதும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மை கசியும். அச்சை எடுத்தால் அட்டை முடிந்துவிடும்; அவர் போனை எடுத்தாக வேண்டும். இன்னாசி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் நின்று, மறுபடி அதிர்ந்தது. மேசை நடுங்கியது. தமயந்தி இன்னொரு கையையும் அச்சின்மேல் வைத்தாள்.

“மை இன்னும் பிடிக்கல சார்,” என்றாள்.