இருபத்துமூன்று பிள்ளைகளின் தாய்

"ஹாஜ்ஜா, யாரு இந்த ஹவ்வா?"

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவன் இன்ஜினியர் வஜ்தி ஒரு தாளை மேசைமேல் வைத்தான். நைல் கரையோரத்து அரசு ஆஸ்பத்திரி அது. நோயாளிகளைப் பதியும் நான்காம் ஜன்னலில் பதினெட்டு வருஷமாக இருப்பவள் இன்ஸாஃப்; வயசுக்கு மரியாதையாக எல்லோருக்கும் ஹாஜ்ஜா.

"தெரியாதா? ஆதமோட பெண்டாட்டி. உங்களுக்கும் எனக்கும் ஆதித்தாய்," என்றாள், தேநீரை ஊதிக்கொண்டே.

"கிண்டல் வேணாம். புதுக் கம்ப்யூட்டர் வந்து மூணு மாசம் ஆகுது. உங்க ஜன்னல்ல பதிஞ்ச இருபத்துமூணு பிள்ளைங்களுக்கு அம்மா பேரு ஹவ்வான்னு இருக்கு. அதுல ஏழு பேரு ஒரே வருஷம் பிறந்தவங்க. நல்ல உழைப்பாளிதான் அந்தம்மா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸாஃபும் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிற விஷயமில்ல. ஒரே பேருல பத்து முகம்மது வருவான். அம்மா பேரை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் ஆளைப் பிரிக்குது. மாறிப்போனா ஒருத்தன் மருந்து இன்னொருத்தனுக்குப் போகும்."

"மாறிச்சா?"

"மாறல."

மச்சம், தழும்பு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழே அவள் அடையாளம் எழுதி வைத்திருந்ததை அவனும் பார்த்திருந்தான். ஆனாலும் விடுவதாயில்லை.

"வாயைத் திறந்து கேட்டு எழுத உங்களுக்குச் சோம்பல். முதல் மூணு ஜன்னலையும் பாருங்க, ஒரு தப்பு கிடையாது. சனிக்கிழமையிலிருந்து நீங்க துணிக்கிடங்குக்குப் போறீங்க. இதுல கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன் மகனே," என்றாள் இன்ஸாஃப் சாந்தமாக. "அடுத்த ஆளை நீங்களே உட்கார்ந்து பதிஞ்சு காட்டுங்க. அதுக்கப்புறமும் நான் போகணும்னு தோணினா, பிஸ்மில்லாஹ் சொல்லிப் போடறேன்."

"இதென்ன பெரிய வித்தையா?" வஜ்தி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அடுத்து வந்தவள் அநாதை இல்லத்தில் வேலை பார்க்கும் கரீமா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயசு ஷஹத். மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையோட அம்மா பேரு?"

கரீமா ஜன்னலுக்குள் குனிந்தாள். "பள்ளிவாசல் படியில கிடந்த பிள்ளை, சார்."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டான். திரை சிவந்தது. மேலே போக மறுத்தது. 'தெரியாது' என்று அடித்தான். ஏற்றுக்கொண்டது. மணிக்கட்டில் கட்டும் பட்டை அச்சாகி வந்தது.

ஷஹத் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஷஹத். தாய்... தெரியாது."

படித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

வஜ்தி பட்டையைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தாய் பேரு தெரியாத ஒருத்தரை அடக்கம் பண்றப்ப, கப்ரு பக்கத்துல நின்னு ஓதற ஷேக் அவரை யாரோட பிள்ளைன்னு கூப்பிடுவாரு?" என்று கேட்டாள் இன்ஸாஃப்.

"ஹவ்வாவோட பிள்ளையேன்னு."

"மண்ணுக்குள்ள போனவங்களுக்குத் தர்ற பேரை, மூச்சு இருக்கிறப்பவே தந்தா என்ன குறைஞ்சிடும்?"

அவன் 'தெரியாது' என்பதை அழித்துவிட்டு 'ஹவ்வா' என்று அடித்தான். "இடது காதுக்குக் கீழ மச்சம்," என்றாள் அவள். அதையும் சேர்த்தான். புதுப் பட்டை வந்தது. நர்ஸ் வந்து பிள்ளையை உள்ளே அழைத்துப் போனாள்.

இடமாற்றத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி எழுந்த வஜ்தி, அப்போதுதான் முதல் மூன்று ஜன்னல்களையும் பார்த்தான். ஒன்றிலும் கூட்டமில்லை.

"ஏம்மா, பிள்ளைக்கு மூச்சு இப்படி இழுக்குது. அங்கெல்லாம் ஆளே இல்ல. இவ்வளவு நீள வரிசையில இங்க வந்து ஏன் நின்னீங்க?"

"மூணுலயும் நின்னுட்டுத்தான் வர்றோம், சார்," என்றாள் கரீமா. "அம்மா பேரு இல்லாத பிள்ளைய அங்க பதியறதே இல்ல. தப்பு வந்துடுமாம்."